இளங்கலை ப்ராஜெக்ட்: ஜெராக்ஸ் கடையில் வாங்குவதா, பஸ் ஏறிப் போய்ச் செய்வதா?

கேள்வி இது: "சேலத்தில் பி.எஸ்சி. தாவரவியல் கடைசி வருஷம் படிக்கிறேன். அக்கா பி.எட்., ரூம்மேட் பி.ஏ. வரலாறு. மூன்று பேருக்கும் ப்ராஜெக்ட் இருக்கிறது. கல்லூரிக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பைண்டிங்கோடு ரெடியாகத் தருகிறார்கள். லேப் வசதி பெரிதாக இல்லாத ஊரில் டிகிரி மாணவர்கள் செய்வதற்கெல்லாம் ஆய்வு என்று பெயர் உண்டா? உண்டு என்றால் என்ன தலைப்பு எடுப்பது?"

தம்பி, உண்டு. முப்பது வருஷம் பாடம் நடத்தி, வைவா மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கடைச் சரக்கைப் பற்றி. ஒரு வருஷம் மரவள்ளிக் கிழங்கைப் பற்றிய ப்ராஜெக்ட் ஒன்று என் மேஜைக்கு வந்தது. ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, எல்லாம் ஜோர். நன்றியுரையைப் புரட்டினால் இன்னொரு மாவட்டத்துக் கல்லூரி முதல்வருக்கு நன்றி சொல்லியிருந்தது. பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள். பையனிடம் கோபப்படவில்லை. "குச்சிக்கிழங்கை எந்த மாசம் நடுவார்கள்?" என்று மட்டும் கேட்டேன். அவன் அப்பா ஆத்தூர்ப் பக்கம் அதே கிழங்கைத்தான் போட்டிருந்தார். வாயைத் திறந்தால் அரை மணி நேரம் பேசக்கூடியவன். கையிலிருந்த புத்தகத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரு வரிகூட இல்லை. கருத்துத் திருட்டுக்கு யு.ஜி.சி. 2018-இல் கொண்டுவந்த விதிமுறையில் மாணவர்களும் அடக்கம். மற்றவர் எழுத்தோடு 10 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருந்தால் அது பிரச்சினைதான். சாஃப்ட்வேரிடம் தப்பிவிடலாம். கிழங்கை எப்போது நடுவார்கள் என்ற கேள்வியிடம் தப்ப முடியாது.

இப்போது தலைப்புக்கு வருவோம். "தலைப்பு சொல்லுங்கள் சார்" என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: உன் கைச்செலவில் பத்து முறை போய்வர முடிகிற இடம் எது? பெரிய பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளரிடம் கருவி இருக்கும், பணம் இருக்கும். ஆனால் அவர் ஏற்காட்டுக்கு ஒரு முறை வருவார், இரண்டு நாள் லாட்ஜில் தங்குவார், போய்விடுவார். ஒரே இடத்துக்குப் பத்து வாரம், அதே கிழமை, அதே மணிக்குப் போவது அவரால் ஆகாது. அஸ்தம்பட்டியில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற உங்களால் ஆகும். டவுன் பஸ்ஸில் உங்கள் அக்காவுக்கு டிக்கெட் காசே கிடையாது. லேப் இல்லை என்று கவலைப்படுகிறீர்களே, உங்களிடம் இருக்கிற மூலதனம் இதுதான். அதை வீணாக்கிவிட்டு, ஒரே நாளில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து முப்பது சோதனை செய்து பட்டியல் போடுகிறார்கள் பாருங்கள், அதைத்தான் நான் ஆய்வு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் பாடத்துக்கு என் கையில் இருப்பதிலேயே பிடித்தமான யோசனையை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்றுக் கீழே; ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆக, அடிவாரத்துப் புதர்க்காட்டில் ஏறி உச்சியில் சோலைக் குளிரில் இறங்குகிற பாதை. அதில் நெடுஞ்சாலைத் துறை உங்களுக்காகவே நம்பர் அடித்துக் கொடுத்த இருபது ஆய்வு இடங்கள். இதைவிட மலிவான ஆய்வுக்களம் எங்கே கிடைக்கும்?

ஏற்காடு இருப்பது சேர்வராயன் மலையில். அதற்காக "சேர்வராயன் மலைத் தாவரங்கள்" என்று தலைப்புப் போட்டால் கெட்டீர்கள். அதற்கு ஆயுள் போதாது. கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லக்கூடிய ஆறே செடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். உண்ணிச்செடி, பார்த்தீனியம் இரண்டும் கட்டாயம் இருக்கட்டும். மற்ற நாலையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றும் எந்த வளைவில் முதலில் தென்படுகிறது, எந்த வளைவுக்கு மேல் காணோம், பூ எப்போது? இவ்வளவுதான் கேள்வி. ஒவ்வொரு வளைவிலும் சாலையோரம் பத்து மீட்டர் நீளம் அளந்துகொண்டு, அதற்குள் இருப்பதை மட்டும் எண்ணுங்கள். வளைவுகள் ஒரே உயர இடைவெளியில் இல்லை. எனவே போன் ஜி.பி.எஸ்.ஸில் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உண்ணிச்செடி ஏறிக்கொண்டே போகிறதா, வெயில் விழும் பக்கத்தில் மட்டும் நிற்கிறதா, வண்டி நிறுத்தி ஆட்கள் சாப்பிடும் வளைவுகளில் கூடுதலா என்று நாலாவது பயணத்தில் தானாகவே கேள்விகள் முளைக்கும். முதல் பயணத்தில் ஒன்றும் முளைக்காது; மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். அதனால்தான் பத்து முறை என்கிறேன்.

சில எச்சரிக்கைகள். தனியாகப் போகாதீர்கள். ஞாயிறு வேண்டவே வேண்டாம், சுற்றுலா வண்டிகள் வளைவில் உங்களைப் பார்க்க மாட்டா. காட்டெருமை நின்றால் ப்ராஜெக்டை மறந்துவிட்டு வண்டியைத் திருப்புங்கள். ஓரத்துக் காடு காப்புக்காடு. சாலையில் நின்று எண்ணலாம், படமெடுக்கலாம், உள்ளே கால் வைக்கவோ செடியைப் பிடுங்கவோ வனத்துறை அனுமதி வேண்டும். கல்லூரிக் கடிதத்தோடு முன்கூட்டியே போய்க் கேளுங்கள். கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். சந்தேகமான செடி இருந்தால், இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் பூங்கா ஏற்காட்டிலேயே 1963 முதல் இருக்கிறது. படத்தோடு போய்க் கேட்கலாம். மலையின் பெயரையே சுமந்துகொண்டு வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்று ஒரு மரம் உண்டு. தாவரவியல் படிக்கிறவர் அதை ஒரு முறையாவது பார்த்துவிட்டு டிகிரி வாங்குங்கள், ப்ராஜெக்டுக்காக இல்லாவிட்டாலும்.

மலை ஏற முடியாதவர்களுக்கு ஆறு இருக்கிறது. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரத்துக்குள் நுழைந்து, நாமக்கல் பக்கம் காவிரியில் சேர்கிறது. நகரத்துக்குள் அதன் கதி என்ன என்பது பாலத்தைக் கடக்கிற எல்லார் மூக்குக்கும் தெரியும். மாணவர்கள் வருஷம் தவறாமல் இந்த ஆற்றை எடுக்கிறார்கள், வருஷம் தவறாமல் ஒரே தப்பைச் செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாணவர்களோடு போய், குளிர்பான பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, வெயிலில் இரண்டு பஸ் மாறி, லேபுக்கு வந்து கரைந்த ஆக்சிஜன் பார்த்தோம். ஆக்சிஜன் குறைய வேண்டிய, சாக்கடை கலக்கும் இடத்தில் மலையடிவாரத்தைவிட அதிகமாக வந்தது! பாட்டில் பாதி காலி, வழியெல்லாம் குலுங்கி, காற்று கலந்துவிட்டிருக்கிறது. இரண்டு வார உழைப்பு போச்சு. கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையில் மாங்கனஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் ஆற்றங்கரையிலேயே சேர்த்துவிட வேண்டும், ஒரு குமிழிகூட உள்ளே நிற்காமல் மூட வேண்டும். பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. அந்த நிறத்தைப் பார்க்கிற நிமிஷத்திலேயே பாதி முடிவு தெரிந்துவிடும். மீதி லேபில் தயோசல்பேட், ஸ்டார்ச். ஜவ்வரிசி ஊரில் ஸ்டார்ச்சுக்கா பஞ்சம்!

இன்னொன்று. பாசி இருக்கும் தண்ணீரில் ஆக்சிஜன் விடியற்காலையில் குறைந்தும் பிற்பகலில் ஏறியும் இருக்கும். ஓர் இடத்தில் காலை எட்டு மணிக்கும் அடுத்த இடத்தில் மதியம் இரண்டு மணிக்கும் அளந்துவிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாசுபாடு என்று எழுதினால், நீங்கள் அளந்தது சூரியனை. ஐந்து இடம், ஒரே அளவை, ஒரே மணி, பத்து வாரம். ஐந்து பேர் குழு என்றால் ஆளுக்கொரு இடத்தில் ஒரே நேரத்தில் நில்லுங்கள். குழு ப்ராஜெக்டின் உண்மையான பயன் அதுதான். நாலு பேர் பெயரைச் சேர்த்துக்கொள்வதற்காக அல்ல.

விலங்கியல் நண்பர்கள் யாராவது இருந்தால், கிராமத்து வீட்டில் மரவள்ளி இருந்தால், மாவுப்பூச்சியை எண்ணச் சொல்லுங்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டது. பிறகு நம் பக்கமும் வந்துவிட்டது. அதை அழிக்க அனகிரஸ் லோப்பெசி என்ற சின்னக் குளவியை 2022-இல் முதன்முதலாக விட்டது நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில்தான். ஒரு வயலில் ஐம்பது செடிக்கு அடையாளத் துணி கட்டி, வாரம் ஒரு முறை நுனிக் குருத்தைப் பார்த்து எண்ணினால் போதும். இயற்பியல், வேதியியல் ஆட்களுக்கு வெள்ளைக்கல் சுரங்கம், வெள்ளிக் கொலுசுப் பட்டறை என்று வேறு களங்கள் உண்டு. அந்தத் துறைக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அக்காவின் பி.எட். ப்ராஜெக்ட் பற்றி எனக்குக் கொஞ்சம் ஆற்றாமை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். "ஆசிரியர்களின் மனப்பான்மை" என்று ஆரம்பிக்கிற தலைப்புகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. நாற்பது கேள்வித்தாளை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, தோழிகளே நிரப்பி, ஐந்துக்கு நாலு என்று டிக் அடித்து, அதற்கு டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனை. யாருடைய மனப்பான்மையும் அதில் கிடையாது. அவர் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் வாரா வாரம் குழந்தைகளைப் பார்க்கிறார் அல்லவா? பத்து முறை போகும் இடம் அவருக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு ஒரே பத்தியைச் சொல்வதெழுதுதலாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பிழைகளை வகை பிரித்து எண்ணச் சொல்லுங்கள்: ல, ள, ழ குழப்பம் எத்தனை, ர, ற எத்தனை, ன, ண எத்தனை, ஒற்று விட்டது எத்தனை, நெடிலைக் குறிலாக்கியது எத்தனை. எந்தப் பிழை அதிகமோ அதற்கு மட்டும் நாலு வாரம், தினம் பத்து நிமிஷம் பயிற்சி கொடுத்துவிட்டு, அதே கடினத்தில் வேறொரு பத்தி. பயிற்சி கொடுக்காத பிழை வகைகளும் அதே அளவு குறைந்திருந்தால், குறைந்ததற்குக் காரணம் அக்காவின் பயிற்சி இல்லை, பிள்ளைகள் வளர்ந்ததுதான். இந்த ஒப்பீடு இல்லாமல் "என் முறை வெற்றி" என்று எழுதுவதுதான், வகுப்பறையில் ஒரு முறையைச் செய்துபார்க்கும் இந்தச் செயலாய்வுகளின் பெரிய நோய்.

தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளின் பெயருக்குப் பதில் எண் போட வேண்டும். பள்ளியின் பெயரும் வேண்டாம், "நகரையொட்டிய ஓர் அரசுப் பள்ளி" போதும். "ள வராத பையன்" என்று ஒரு குழந்தைக்குப் பட்டப் பெயர் விழுந்துவிட்டால் அந்தப் பாவம் ஆய்வாளர் தலையில்.

ரூம்மேட் வரலாறு. அவருக்குத்தான் இந்த மாவட்டத்தில் விருந்து. பல்லாவரத்தில் 1863-இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் குடியிருந்தது ஏற்காட்டில். 1912-இல் இறந்தார், அவர் அஸ்தி அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அவர் சேகரித்த கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில். சேர்வராயன் மலையில் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைச் சின்னச் சின்னக் கோயில்களில் சாமியாக வைத்துக் கும்பிடும் வழக்கமும் மலையில் உண்டு. பயலுக்குக் கை துறுதுறுக்கும். எடுக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது, தொடுவதென்றாலும் பூசாரியைக் கேட்க வேண்டும். எங்கே இருக்கிறது, எத்தனை, என்ன பூசை, என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதினாலே போதும். படத்தில் சரியான இருப்பிடம் தெரியாமல் பார்த்துக்கொள்ளட்டும். கல் வியாபாரிகளும் படிப்பார்கள்.

இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்ல) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர், ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்று கதை சொல்வார்கள். லெ ஃபனு 1883-இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸ் 1918-இல் எழுதிய கெசட்டியர் இரண்டையும் எடுத்துவைத்துக்கொண்டு, இன்றைக்கு மலையில் நாலு ஊரில் நாலு பெரியவர்களிடம் அதே கதையைக் கேட்டால் என்ன மாறியிருக்கிறது, எது மாறவில்லை? வெள்ளைக்கார அதிகாரி எழுதியது சரி, பாட்டி சொன்னது தப்பு என்று ஆரம்பித்துவிடக் கூடாது. இரண்டும் சாட்சியம்தான், இரண்டையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். முதல் தடவை போகும்போது ரெக்கார்டரை வெளியே எடுக்காதீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். மூன்றாவது தடவை காபி கொடுப்பார்கள், அப்போது கேட்டுக்கொண்டு போடலாம். பதிவின் ஒரு நகலை அந்தக் குடும்பத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தமிழ் படிக்கிற நண்பர் இருந்தால் அம்மாப்பேட்டைத் தறி வீடுகளுக்கு அனுப்புங்கள். பாவு, ஊடை, நாடா, விழுது, அச்சு, மிதி, தார் என்று தறிக்குள் ஒரு தனி அகராதியே இருக்கிறது. சௌராஷ்டிர மொழி பேசும் நெசவாளர் வீட்டில் அதே பொருளுக்கு என்ன பெயர்? குழித்தறியிலிருந்து விசைத்தறிக்கு மாறியபோது எந்தச் சொல் செத்தது, எந்தச் சொல் புது மெஷினுக்கு ஏறிக்கொண்டது? இருநூறு சொல், ஒவ்வொன்றுக்கும் சொன்னவர் வயது, படம். எழுபது வயதுக்காரர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை.

கணக்கு விஷயம் சுருக்கமாக. பன்னிரண்டு பேரில் நாலு பேர் என்றால் அப்படியே எழுதுங்கள், 33.33 சதவீதம் என்று எழுதினால் படிக்கிறவன் சிரிப்பான். புள்ளியியல் சோதனை செய்து தருகிறோம் என்று காசு கேட்கிற இடங்களுக்குப் போகாதீர்கள். உங்கள் தரவுக்கு எக்ஸெல்லும் ஒரு வரைபடமும் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் உங்கள் கல்லூரிப் புள்ளியியல் துறையில் யாரையாவது டீ வாங்கிக் கொடுத்துப் பிடியுங்கள். முந்தைய ஆய்வுகளைத் தேட ஷோத்கங்கா தளம் இருக்கிறது, பிஎச்.டி. ஆய்வேடுகள் இலவசம். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். அங்கிருந்து எடுப்பது, செய்யப்பட்டது என்ன என்று தெரிந்துகொள்வதற்கு. அத்தியாயத்தை வெட்டி ஒட்டுவதற்கு அல்ல.

எதிர்பார்த்தது வரவில்லை என்றால்? உண்ணிச்செடி இருபது வளைவிலும் ஒரே மாதிரி இருந்தால், இருந்தது என்று எழுதுங்கள். எண்ணை மாற்றுகிறவர்களை வைவாவில் எளிதாகக் கண்டுபிடித்துவிடுவேன்: களக்குறிப்பு நோட்டைக் காட்டு என்பேன். மழையில் நனைந்து, மை கலைந்து, ஓரத்தில் தட்டுவடை செட் எண்ணெய்க் கறை பட்ட நோட்டு வந்தால் சந்தோஷம். முந்தின நாள் இரவு ஒரே பேனாவில் பத்து வாரத்தையும் எழுதிய நோட்டு வந்தால் அதுவும் தெரியும்.

கைடு நேரம் தரமாட்டார் என்ற புகார் எப்போதும் உண்டு. பதினைந்து பேரை வைத்துக்கொண்டு அவரும்தான் என்ன செய்வார்? "என்ன செய்யலாம் சார்" என்று போகாதீர்கள். ஒரு பக்கத்தில் கேள்வி, இடம், எத்தனை முறை போவேன், எதை எண்ணுவேன் என்று எழுதிக்கொண்டு போய் "இதில் என்ன தப்பு சார்" என்று கேளுங்கள். தப்புக் கண்டுபிடிக்கச் சொன்னால் எந்த வாத்தியாருக்கும் உற்சாகம் வந்துவிடும்.

கடைசியாகக் காலம். ப்ராஜெக்ட் பேப்பர் பெரும்பாலும் ஆறாவது செமஸ்டரில் வருகிறது, அதாவது டிசம்பருக்குப் பிறகு. அப்போது மலை காய ஆரம்பித்திருக்கும், ஆற்றில் சாக்கடைத் தண்ணீர் தவிர வேறு ஓடாது. மழைக்காலத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்டிலேயே போகத் தொடங்குங்கள், பேப்பருக்குப் பெயர் பிறகு வரட்டும். தாமதமாகிவிட்டது என்றால் காபிச் செடி இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை நன்றாக விழுந்தபின் எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அறிமுகமான தோட்டக்காரர் ஒருவரிடம் இப்போதே சொல்லிவைத்து, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தோட்டங்களில் இருபது இருபது செடிக்கு அட்டை கட்டிவிட்டு வாருங்கள். மழை பெய்த அன்றே போன் பண்ணச் சொல்லுங்கள். அடுத்த பத்து நாளும் காலையில் மொட்டு எண்ண நீங்கள் மேலே இருக்க வேண்டும். அட்டெண்டன்ஸ் பற்றித் துறைத்தலைவரிடம் முன்னாடியே பேசிவிடுங்கள்.